ஞாயிற்றுக்கிழமை சர்பத்தைப் பற்றி வாலாஜாபேட்டைக்கு

இல்லை காலாம்மா, நான் யாருடைய வாயிலும் எதையும் ஊற்றவில்லை. அவர்களாகவே குடித்தார்கள். இரண்டாவது தம்ளரைக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய நசீமுன்னிசா காலாம்மாவுக்கு, ஆம்பூரிலிருந்து உங்கள் அக்கா மகள் உமைமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இதைத்தான் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். நீங்கள் வேன் ஓட்டும் ஜான் பாஷா அண்ணனிடம் சொல்லியனுப்பிய கேள்வி அப்படி. "அந்தப் பொண்ணு அவங்க வாய்ல இன்னா ஊத்துச்சுன்னு கேட்டுக்கினு வா." அவர் எங்கள் வாசலில் நின்று அதை அப்படியே ஒப்பித்தார். தெருவுக்கே கேட்டது. இங்கு அம்மி நலம். அப்பா நலம். ஃப்ரிட்ஜ் நலம். ஃப்ரிட்ஜைப் பற்றிப் பிறகு வருகிறேன். உங்கள் முழங்காலின் நலம் அறிய ஆவல். அது வலிக்காமல் இருந்திருந்தால் நீங்களும் அன்று வந்திருப்பீர்கள். நீங்களும் குடித்திருப்பீர்கள்.

கடிதமாக எழுதக் காரணம், என் போன் அப்பாவிடம் இருக்கிறது. தேர்வு முடியும்வரை என்று வாங்கிவைத்தார். தேர்வு முடிந்துவிட்டது. எங்கே வைத்தார் என்பது அவருக்கு மறந்துவிட்டது. தமிழில் எழுதக் காரணம், உருது எனக்குப் பேசத்தான் வரும். அதையும் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள்.

உங்களுக்குத் தெரிந்ததையே ஒருமுறை எழுதுகிறேன். பல் மருத்துவம், இரண்டாம் வருடம். மருந்தியல் பாடத்தில் ஒருமுறை தோற்றுவிட்டேன். அப்பா திட்டவில்லை. மதிப்பெண் தாளை ஒரு தோலைத் திருப்பிப் போடுவதுபோலத் திருப்பிப் போட்டார். "இன்னொரு வாட்டி எழுது. தேறுனா படி. தேறலன்னா நிக்காஹ்." அவ்வளவுதான். அந்த இன்னொரு முறை திங்கட்கிழமை. நீங்கள் பெண் பார்க்க ஆள் அனுப்பியது ஞாயிற்றுக்கிழமை.

குற்றம் சொல்லவில்லை. கிழமையை மட்டும் சொல்கிறேன்.

"பத்தே நிமிசம் மா. முக்காடு போட்டுக்கினு வந்து ஒக்காரு. சர்பத்து குடு. போய்ப் படி" என்று அம்மியின் போனில் சொன்னீர்கள். பத்து நிமிடத்தில் ஊசி போட்ட தாடை மரத்துப்போகும். பெண் பார்ப்பது முடியாது.

என் நிலைமையையும் சொல்லவேண்டும். அந்த வாரம் முழுக்க எதைப் பார்த்தாலும் ஐந்து தலைப்புகளில்தான் தெரிந்தது. பெயர். வகை. செயல். பக்கவிளைவு. யாருக்குத் தரக்கூடாது. பால்காரர்: காலையில் ஒருவேளை. பக்கவிளைவு, அம்மியின் ரத்த அழுத்தம். குக்கர்: மூன்றாவது விசிலில் செயல்படத் தொடங்கும். அப்பா: மெதுவாகத் தொடங்கி நெடுநேரம் நீடிக்கும் வகை. அம்மி எந்த வகை என்பது பிடிபடவில்லை. அவரிடமே கேட்டேன். "உன்னப் பெத்த வக. போய் சாப்புடு" என்றார்.

இனி அந்த பாட்டில்.

காட்பாடியிலிருந்து வரும் என் வகுப்புத் தோழி ஹெலனும் நானும் படிப்புக்காக ஒரு சாயம் வாங்கினோம். பாதி அவளுக்கு, பாதி எனக்கு. டிஸ்குளோசிங் ஏஜென்ட் என்று பெயர். தமிழில் சொன்னால் காட்டிக்கொடுக்கும் சாயம். பல்லில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் அழுக்குப் படலத்தில் மட்டும் அது பிடிக்கும். சுத்தமான இடத்தை விட்டுவிடும். யார் எந்தப் பல்லைத் தேய்க்காமல் விட்டார்கள் என்பது அடர்ந்த ரோஜா நிறத்தில் தெரியும். விழுங்கினால் ஆபத்தில்லை. கேக்கின் தலையில் வைக்கிற செர்ரியில் போடும் அதே சாயம்தான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று யாரும் என்னைச் சொல்லவிடவில்லை.

என் பாதியை ஊற்றிவைக்கச் சின்ன பாட்டில் ஒன்று தேவைப்பட்டது. அம்மியின் காலி ரோஸ் எசன்ஸ் பாட்டில் இருந்தது. கழுவினேன். ஊற்றினேன். லேபிளைக் கிழிக்கவில்லை. குளிர்ந்த இடத்தில் வை என்று போட்டிருந்ததால் ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தேன். இந்த வாக்கியங்களைத் திரும்பப் படித்தால் தவறு எங்கே என்பது உங்களுக்கு உடனே தெரியும். எனக்குத் தெரிய ஞாயிறு பகல் ஆனது.

அப்போதுகூட ஒன்றும் ஆகியிருக்காது. அம்மி அசல் ரோஸ் சிரப்பில்தான் சர்பத் போட்டார். பால், சர்க்கரை, ஊறிய சப்ஜா விதை. வெளிறிய ரோஜா நிறம். நல்ல சர்பத். பிரச்சினை, அப்பா. அவர் வேலை உங்களுக்குத் தெரியும், ஃபேக்டரியில் முடிந்துவரும் தோலை விரித்து, தடவி, வாங்குகிறவர்கள் அனுப்பிய நிற அட்டையோடு ஒட்டிவைத்துப் பார்த்து, இது ஃபர்ஸ்ட், இது செகண்ட், இது ரிஜெக்ஷன் என்று முதுகுப்பக்கம் சாக்பீஸால் போடுவது, அதை அவர் ஃபேக்டரியிலேயே விட்டுவிட்டு வருகிறவர் இல்லை, எங்கள் வீட்டில் தோசைக்கும் தரம் உண்டு, மாம்பழத்துக்கும் உண்டு, பக்கத்து வீட்டுப் புது மருமகளின் கண்ணாடி வளையலுக்குக்கூட அவர் மனதுக்குள் ஒரு தரம் போட்டிருப்பார், அப்படிப்பட்டவர் அன்று அம்மி கையிலிருந்த சர்பத் ஜாடியை வாங்கி, டியூப் லைட்டில் பார்த்தால் நிறம் பொய் சொல்லும் என்று ஜன்னலோரம் கொண்டுபோய், தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கினார்.

"கம்மி."

"இன்னா கம்மி? சர்க்கரையா?"

"ஷேட் கம்மி. உன் தம்பி வூட்டுக் கல்யாணத்துல குடுத்தாங்களே, அது ஷேட்டு. இது ஜொரம் வந்தவங்களுக்குக் குடுக்கற மாதிரி கீது."

அம்மி சிரப்பை ஊற்றினார். இனிப்பு ஏறியது, நிறம் ஏறவில்லை. "எசன்ஸ் கீதா பாரு" என்றார் அப்பா. அம்மி ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஒரு மூடி. ஜன்னல். "இன்னும்." இன்னொரு மூடி. ஜன்னல். "வருது, வருது." அம்மி பேஜாராகிப் பாட்டிலையே கவிழ்த்துவிட்டார். அப்பா ஜாடியை உயர்த்திப் பிடித்தார். முகத்தில் வெளிச்சம். "இதான்! இத ஓகே பண்ணு. லாட் போகட்டும்."

நீர்த்துப்போனால் அந்தச் சாயம் சரியாகப் பிடிக்காது என்று புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் எழுதியவர் எங்கள் அப்பாவை எதிர்பார்க்கவில்லை.

நான் அந்நேரம் பின்னறையில் பூஞ்சைக்கான மருந்துகளோடு இருந்தேன்.

அவர்கள் ஜான் பாஷா அண்ணனின் வேனில் வந்தார்கள். நீங்கள் சொன்னபடியே நல்ல மனிதர்கள். ஹபீப் சாப், தோலுக்கான சாய வியாபாரம். அவர் மனைவி கௌசர் ஆன்ட்டி. மகன் யாசிர், ஷூ டிசைன் வேலை. நான் முக்காட்டோடு வந்து உட்கார்ந்தேன். பெயர்: யாசிர். வகை: தெரியவில்லை. செயல்: தரையைப் பார்ப்பது.

பெண்ணின் பல்லைக் காட்டு என்று யாரும் நேராகக் கேட்பதில்லை. சிரிக்கவைப்பார்கள். கௌசர் ஆன்ட்டி ஒரு ஜோக் சொன்னார். ஒரு மாமியாரும் ஒரு ஆடும். நான் மனதுக்குள் டெட்ராசைக்ளினில் இருந்தேன். சிரிக்கவில்லை. இரண்டாவது ஜோக் சொன்னார். அதிலும் ஆடு இருந்தது. நான் அசையவில்லை. கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை.

"சிரிக்க மாட்டியா மா? பல்லு கில்லு எல்லாம் கீதுல்ல?"

"கீது ஆன்ட்டி. இருபத்தெட்டு. ஞானப்பல்லு இன்னும் வரல."

அம்மி என் காலை மிதித்தார். யாசிர் தரையிலிருந்து தலையை எடுத்தார். பிறகு திரும்ப வைத்துக்கொண்டார்.

"படிப்பு இன்னும் எத்தன வருஷம்?" என்றார் ஆன்ட்டி.

"இது முடிஞ்சா மூணு."

"பல்லு புடுங்கறதுக்கா? எங்க தெருவுல ஒருத்தரு வெறும் கொறட வெச்சிக்கினு புடுங்குவாரு. அவரு எங்க மா படிச்சாரு?" என்று, அம்மியை ஆப்பா என்று அக்கா முறை வைத்து, அவர் பக்கம் திரும்பினார். "போதும் ஆப்பா. படிச்சவரைக்கும் போதும். எங்க வூட்ல பல்லுக்கு டாக்டரே தேவ இல்ல. எல்லாருக்கும் முத்து மாதிரி. நானு மிஸ்வாக்குக் குச்சிதான்."

அப்பா தலையாட்டுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆட்டவில்லை. மறுக்கவும் இல்லை. செகண்டா ரிஜெக்ஷனா என்று முடிவாகாத தோலின் மேல் கையை வைத்து நிறுத்தியிருப்பாராம், அப்படி உட்கார்ந்திருந்தார். எனக்குப் பூஞ்சை மருந்துகள் எல்லாம் மறந்துபோயின.

அப்போது சர்பத் வந்தது.

"ஆஹா, இன்னா ஷேட்டு நிசார் சாப்!" என்றார் ஹபீப் சாப். அப்பா கண்களைத் தாழ்த்திக்கொண்டார். வாழ்க்கையில் அவருக்கு இப்படியொரு பாராட்டு கிடைத்ததில்லை. வந்தவர்கள் எல்லோரும் குடித்தார்கள். வாசலில் நின்ற ஜான் பாஷா அண்ணனுக்கும் போனது. இரண்டாவது சுற்றும் போனது. சப்ஜா விதையைப் பல்லில் வைத்து மென்றார்கள். கொப்பளித்ததற்குச் சமம்.

முதலில் சிரித்தவர் யாசிர். எதற்கு என்று பிறகு சொன்னார், அந்த இருபத்தெட்டை நினைத்துக்கொண்டாராம். வாய் திறந்தது. வலது பக்கம் முழுவதும் ரோஜா. "யா அல்லா, ரத்தம்!" என்று கௌசர் ஆன்ட்டி அலறினார், அலறிய வாய்க்குள் பார்த்து ஹபீப் சாப் "உனக்கும்!" என்று அலறினார், அவர் வாயைப் பார்த்து அம்மி அலறினார், அம்மியும் உப்பு பார்ப்பதுபோல இனிப்பு பார்த்திருந்ததால் அவர் வாயைப் பார்த்து ஆன்ட்டி மறுபடியும் அலறினார், என்ன ஆச்சு என்று வாசலிலிருந்து ஓடிவந்த ஜான் பாஷா அண்ணன் "இன்னா ஆச்சு?" என்று கேட்கத் திறந்த வாயைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து அலறினார்கள். அலறும்போது வாய் மிக நன்றாகத் திறக்கும். பல் மருத்துவர் எவ்வளவு கெஞ்சினாலும் நோயாளிகள் இவ்வளவு திறப்பதில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. ஃப்ரிட்ஜுக்கு ஓடினேன். பாட்டில் காலி. திரும்பி ஓடிவந்து, "பயப்படாதீங்க, ரத்தம் இல்ல, வெறும் சாயம்" என்றேன்.

அந்த அறையில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக்கூடாது. ஹபீப் சாப்பின் முகத்திலிருந்து பயம் போய்விட்டது. வேறு ஒன்று வந்துவிட்டது.

"இன்னா டை?"

"எரித்ரோசின், அங்கிள்."

"தண்ணில கரையுமா?"

"கரையும்."

"அப்ப நிக்காது" என்று சொல்லி, ஜிப்பா பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். தண்ணீரில் நனைத்தார். விரலில் சுற்றிக்கொண்டு தன் முன்பல்லை முன்னும் பின்னும் தேய்க்கத் தொடங்கினார். சாயம் போட்ட தோலை ஈரத்துணியால் இப்படித்தான் தேய்ப்பார்கள். துணியில் நிறம் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்து ஐந்துக்கு மார்க் போடுவார்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் ஐந்து. தோலுக்குச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பல்லுக்கு யாரும் செய்து பார்த்ததில்லை.

கைக்குட்டையை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். அப்பாவும் கூடவே போனார். தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"நாலு" என்றார் ஹபீப் சாப்.

"இல்ல சாப். மூணர."

"நிசார் சாப், முப்பது வருஷமா நான் டை விக்கிறேன்."

"முப்பது வருஷமா அதத்தான் சாப் நான் ரிஜெக்ட் பண்றேன்."

துணியில் ஒட்டிய கறையை ஒப்பிட்டு மார்க் போட அப்பா எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கும் சாம்பல்நிற அட்டை வெளியே வந்தது. கைக்குட்டையை அட்டையோடு ஒட்டிவைத்து இருவரும் குனிந்தார்கள். முடிவுக்கு வரவில்லை. இன்னொரு பல்லில் தேய்த்துப் பார்க்கலாம் என்றார் அப்பா. வாங்க என்று வாயைத் திறந்தார் சாப். எதிர்வீட்டு மாடியிலிருந்து மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க வந்தவரை ஜன்னலில் நிறுத்திப் பெண்ணின் தகப்பன் பல் பிடித்துப் பார்ப்பதை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ.

"எனக்கு ஏன் புடிச்சிது?" என்று ஆன்ட்டி அழுதார். "நானு டெய்லி தேய்க்கிறேனே!"

அப்போதுதான் சொன்னேன். ஐந்து தலைப்பிலும் வரிசையாகச் சொன்னேன். பெயர், வகை என்று தொடங்கி, செயல் என்கிற இடத்துக்கு வந்து, "அழுக்கு இருக்கற எடத்துல மட்டும்தான் புடிக்கும். சுத்தமான பல்லுல புடிக்காது" என்றேன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள்.

பிறகு கௌசர் ஆன்ட்டி, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்டார்.

"எனக்கு எங்க புடிச்சிருக்குது மா?"

காலாம்மா, நான் அவரை வாயைத் திறக்கச் சொல்லவில்லை. அவராகத்தான் கேட்டார். சர்பத் கரண்டியைக் கழுவி, திருப்பிப்போட்டு, அதன் முதுகைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டு பார்த்தேன். முன்னால் பளிச். மிஸ்வாக் எட்டிய இடத்திலெல்லாம் அது தன் வேலையைச் செய்திருந்தது. கீழ்வரிசையின் பின்பக்கம் அடர்ந்த ரோஜா. விருந்தாளி வருகிற முன்னறையைப் பெருக்கிவிட்டு, சாமானையெல்லாம் பின்னறையில் போட்டு மூடிய வீடு மாதிரி. அதை இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "பின்னாடி ஆன்ட்டி" என்றேன். ஹபீப் சாப்புக்கு ஈறோரம் முழுக்க ஒரு கோடு, பார்டர் தைத்தது மாதிரி. ஜான் பாஷா அண்ணன் தானும் வரிசையில் நின்றார். அவருடைய நிலைமையை நீங்கள் நேரில் பார்த்துவிட்டீர்கள். போகும் வழியில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் பணம் வாங்கிய பெண், "அண்ணே, எங்க அடி பட்டுது?" என்று கேட்டதாகச் சொன்னார்.

நான் ஒவ்வொருவராகப் பார்க்க, அப்பா என் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்து முணுமுணுத்தபடியே வந்தார். "செகண்ட். இதுவும் செகண்ட். இது தேர்ட்." அன்று அவர் கையில் சாக்பீஸ் இல்லாதது இறைவனின் கருணை.

கடைசியில் யாசிர். இடது பக்கம் ஒரு புள்ளி இல்லை. வலது பக்கம் முழு நிறம். இப்படி ஒரு வாயைப் பற்றிப் படித்திருக்கிறேன், பார்த்ததில்லை.

"வலது கைல தேய்ப்பீங்களா?"

"ஆமா. எப்டித் தெரியும்?"

"வலது கைக்காரங்க நெறைய பேரு வலது பக்கத்த மறந்துடுவாங்க."

"எனக்கு வலது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே இப்பதான் தெரியுது" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். ஆட்டுக்குச் சிரிக்காதவள். கௌசர் ஆன்ட்டி பார்த்துவிட்டார்.

அதன் பிறகு யாசிர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதை எழுத இங்கே இடம் போதாது.

ஆகவே காலாம்மா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அவர்களிடம் நயமாகப் பேசி, இந்த இடம் ஒத்துவராது என்று சொல்லிவிடுங்கள். நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். வாய்ச் சுத்தத்தில் இவ்வளவு அலட்சியமான குடும்பத்தில் ஒரு பல் மருத்துவ மாணவி வாழ்க்கைப்படுவது முறையல்ல. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் சிரிப்பார்கள், நான் பின்வரிசையைப் பார்ப்பேன். யாருக்கும் நிம்மதி இருக்காது. இது கோபமில்லை. கொள்கை.

திங்கட்கிழமை தேர்வு எழுதினேன். நம்பமாட்டீர்கள். சிறுகுறிப்புக் கேள்விகளில் ஒன்று, டிஸ்குளோசிங் ஏஜென்ட். சிரித்துவிட்டேன், மேற்பார்வையாளர் வந்து என் கைக்குட்டையை உதறிப் பார்த்துவிட்டுப் போனார். பக்கம் பக்கமாக எழுதினேன். பாலில் கலந்தால் என்ன ஆகும், உதட்டில் எவ்வளவு நேரம் நிற்கும், ஈரத்துணியில் எவ்வளவு ஒட்டும். கடைசியாகச் சொன்னதற்கு 'மூன்றரை முதல் நான்குவரை' என்று எழுதினேன். கருத்து வேறுபாடு உண்டு என்றும் குறிப்பிட்டேன். பூஞ்சை மருந்துகளைப் பற்றிய பெரிய கேள்விக்கு எழுதியது அரைப்பக்கம்.

வியாழன் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், கடுகடுத்த முகம். எனக்கு முன்னால் போன ஹெலன் அழுதுகொண்டே வந்தாள். என்னிடமும் அதே சாயத்தைத்தான் கேட்டார்.

"இதை நோயாளிக்கு எப்படிக் கொடுப்பே?"

"சர்பத்தில் கொடுக்கக்கூடாது, சார்."

"எந்தப் புத்தகத்தில் இருக்கு?"

"புத்தகத்தில் இல்ல சார். எங்க வீட்டில்."

பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லு" என்றார். சொன்னேன். கைக்குட்டை ஜன்னலுக்குப் போன இடம் வந்தபோது மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அதற்குமேல் என்னிடம் கேள்வியே கேட்கவில்லை. ஆனால் கடைசிவரை உதட்டைப் பிரிக்காமல்தான் சிரித்தார். அவருக்கும் பின்பக்கத்தில் ஏதோ இருக்கிறது.

முடிவு வர நாளாகும். தேறாவிட்டால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் முழங்கால் வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள். டீயைச் சாப்பாடு என்று கணக்கில் சேர்க்காதீர்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த நாள் முடிந்தபிறகும் நீங்களாக வாங்கிப் போடுவதாக அம்மி சொன்னார். அது வேண்டாம், மறுபடி போய்க் காட்டுங்கள். என் சலாமை மட்டும் உணவுக்கு முன்னும் பின்னும் எத்தனை வேளை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பக்கவிளைவு இல்லை. உங்கள் துஆவில் என்னையும் அந்த அரைப்பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
உமைமா

பின்குறிப்பு: ஜான் பாஷா அண்ணன் அம்மி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். குடித்தவர்கள் எல்லோருடைய பல்லும் இருக்கிறது. ஒருவருடையது இல்லை.

யாசிர் கேட்ட கேள்வி இதுதான். "நீங்க குடிச்சீங்களா?"

நான் குடித்திருக்கவில்லை. அவர் ஜாடியைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் ஒரு தம்ளர் இருந்தது. எனக்குப் பயமே இல்லை. நான் பல் மருத்துவ மாணவி. மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று குடித்தேன். நன்றாகக் கொப்பளித்தும் காட்டினேன். வாயைத் திறந்த பிறகுதான் நினைவு வந்தது, அந்த வாரம் முழுக்க நான் புத்தகத்தின் மேலேயே தூங்கிப்போயிருக்கிறேன்.

அப்பா என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். வலது, இடது, மேல், கீழ். ஹபீப் சாப்பும் வந்து குனிந்து பார்த்தார். இந்தமுறை இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

"ரிஜெக்ஷன்" என்றார் அப்பா.

கௌசர் ஆன்ட்டி துப்பட்டாவை எடுத்துவிட்டுச் சிரித்தார். பின்வரிசைவரை தெரிந்தது, அவர் கவலைப்படவில்லை. "ஆப்பா, உங்க டாக்டரம்மா வாயப் பாருங்க! இவ இன்னும் ஒண்ணுமே படிக்கல! மொதல்ல முழுசா படிச்சு முடிக்கட்டும். அரகொறையா வந்து எங்க வாய்ல கை வெக்கக்கூடாது, சொல்லிட்டேன். நாங்க எங்கயும் போகல, இருக்கறோம்."

அம்மி அப்பாவைப் பார்த்தார். "தேறலன்னா?" என்று நான்தான் கேட்டேன்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "ரிஜெக்ஷன்னா தூக்கிப் போட்டுர்றது இல்ல மா. மறுபடி சாயம் ஏத்தற டிரம்ல போடுவோம். சரியா வர்ற வரைக்கும் போடுவோம்."

அவர் அதற்குமேல் விளக்கமாகப் பேசமாட்டார். எனக்கும் தேவைப்படவில்லை.

ஆகவே மேலே கேட்டதைச் செய்யவேண்டாம். ஒத்துவராது என்று சொல்லிவிடாதீர்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற வெட்கத்தில் எழுதியது அது. கொள்கையை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறேன். வலது பக்கத்தை மறக்கவேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லியனுப்புங்கள். நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை.

அண்ணனின் டீ இன்னும் முடியவில்லை. உள்ளே போய்ப் பல் தேய்த்துவிட்டு வந்துதான் இந்த உறையை ஒட்டப்போகிறேன்.